லாபம், நஷ்டம், லாபம்

மீஞ்சூரில் பெரியம்மா வீட்டு மாடிப்படியில் விழுந்தேன். கையில் டிபன் கேரியர். சாம்பார் எனக்கு முன்னால் தரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கணுக்கால் வீங்கி ரெண்டு வாரம் லீவு.

'பாத்து இறங்கக் கூடாதாடா?' என்றார் பெரியம்மா. பார்த்துத்தான் இறங்கினேன். சந்தேகம் வந்து, வீக்கம் வடிந்ததும் டேப்போடு போய் அளந்தேன். 16 படிகள், ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம். உச்சியில் இருக்கும் 17-வது மட்டும் மூன்று அங்குலம்!

மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டேன். 'இன்னா சார் இது தெரியாதா? லாபம், நஷ்டம்னு எண்ணிக்கினே போனா, 16 நஷ்டத்துல நிக்கும். அதான் மேல ஒண்ணு அட்ஜஸ்ட் பண்ணேன்.'

நான் பி.காம். லாப நஷ்டக் கணக்கு இப்படிக் காலை வாரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. வகுத்தலோடுதான் சண்டை. மொத்த உயரம் 123 அங்குலம். அதை 17-ஆல் வகுத்திருந்தால் படிக்கு ஏழேகாலுக்கும் சற்றுக் குறைவு. ஒற்றைப்படையும் வந்திருக்கும், என் கணுக்காலும் பிழைத்திருக்கும்.

விஷயம் இதுதான். யாரும் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குவதில்லை. முதல் ரெண்டு மூன்று படியிலேயே கால் உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. மூன்று அங்குலம் என்று நம்பி வைத்த கால், ஏழரை அங்குலப் பள்ளத்தில் போனால் ஆள் கவிழ வேண்டியதுதான்.

பிரெஞ்சுக்காரர் பிளாண்டெல் 17-ம் நூற்றாண்டிலேயே கணக்குச் சொன்னார்: படி உயரத்தின் இரு மடங்கோடு கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும். மனிதனின் ஒரு எட்டு அவ்வளவுதானாம். நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் 250-க்குக் குறையக் கூடாது என்கிறது. பெரியம்மா வீட்டுப் பிளானிலும் எல்லாப் படிகளும் ஒரே உயரம்தான். பிளானை யார் பார்த்தார்கள்?

வீட்டில் போவது ஒரு கணுக்கால். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று போனது 94 பிள்ளைகளின் உயிர். சமையல் கூடத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியபோது, மாடியிலிருந்த குழந்தைகளுக்கு இருந்தது குறுகலான படிக்கட்டு. 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனில், மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் இறங்கி வந்த கூட்டமும் நடைமேம்பாலப் படியில் நெரிந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பள்ளிக்கூடம் பார்க்கப் போகும்போது ஃபீஸ், பஸ், கம்ப்யூட்டர் லேப் எல்லாம் விசாரிக்கிறோம். மாடிப்படி எத்தனை அடி அகலம், அதன் கீழே உடைந்த பெஞ்ச் அடுக்கியிருக்கிறதா என்று எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? (நானும் பார்த்ததில்லை.)

பெரியம்மா அந்த மூன்று அங்குலப் படிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்தார். இடிக்க மனசு வரவில்லை. போன மாதம் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டார்கள். கீழ்ப்படி முக்கால்வாசி புதைந்துவிட்டது. அதைப் படி என்று எண்ணுவதா, வேண்டாமா என்று கேட்க மேஸ்திரிக்கு போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.