முதிர்ச்சிக் குறியீடும் மண் நூற்புழுக்களின் பண்புகளும்: ஒரு திறனாய்வு

மண்ணின் நலத்தை நூற்புழுக்களைக் கொண்டு மதிப்பிடும் ஆய்வுகள் பலவும், நெதர்லாந்து ஆய்வாளர் டாம் போங்கர்ஸ் 1990இல் முன்வைத்த முதிர்ச்சிக் குறியீட்டைச் சார்ந்தே அமைகின்றன. நூற்புழுக் குடும்பங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கி, மாதிரியில் அவை பெறும் விகிதத்திற்கேற்ப நிறையிட்ட சராசரியைக் காண்பது இம்முறை. உணவு மிகும்போது விரைந்து பெருகும் ராப்டிடிடே 1 பெறும். நீண்ட ஆயுளும் சில முட்டைகளும் கொண்டு மாசினால் எளிதில் அழியும் அப்போர்செலைமிடே 5 பெறும். தாவரங்களை உண்பவை இக்கணக்கில் சேர்வதில்லை.

இம்மதிப்பெண் அளந்தறிந்த பண்பு அன்று என்பது பலராலும் மறக்கப்படுகிறது. தலைமுறைக் காலம், முட்டை எண்ணிக்கை, தாங்குதிறன் ஆகியன ஒரே எண்ணுள் அடக்கப்பட்டுள்ளன. அதுவும் சிற்றினத்திற்கன்று, குடும்பம் முழுமைக்கும். கலக்கத்தைத் தாங்குவனவற்றிற்குக் குறைந்த மதிப்பெண் இட்டுவிட்டு, மதிப்பெண் குறைந்தமையால் மண் கலக்கமுற்றது என முடிவுரைப்பது கருதுகோளையே சான்றாக்குவதாகும்.

‘முதிர்ச்சி’ என்னும் சொல்லும் நடுநிலையானதன்று. தொழு உரம் இட்ட வயலில் பாக்டீரியா பெருக, அவற்றை உண்ணும் ராப்டிடிடேயும் பெருகும், குறியீடு தாழும். ஆயின் அங்கு நிகழ்வது என்ன? பாக்டீரியாவிலுள்ள நைட்ரஜன் நூற்புழுவின் தேவையினும் மிகுதியாதலின், எஞ்சியது அம்மோனியமாக வெளியேறி வேரை அடைகிறது. பாக்டீரியாவுடன் அவற்றை உண்ணும் நூற்புழுக்களும் சேர்க்கப்பட்ட மண்ணில் செடிகள் தொடக்கத்தில் விரைந்து வளர்ந்து மிகுதியான நைட்ரஜனைப் பெற்றதை இங்காம் குழுவினர் 1985இலேயே காட்டினர். குறியீடு தாழும் அதே வேளையில் பயிர் ஊட்டம் பெறக்கூடும். உழவர்க்குப் பரிந்துரை வழங்குவோர் குறியீட்டை மட்டும் நோக்கின், வளமூட்டலைச் சீர்கேடு எனக் கொள்வர்.

பெரிஸ், போங்கர்ஸ், டி கோடே ஆகியோர் 2001இல் செறிவுக் குறியீட்டையும் கட்டமைப்புக் குறியீட்டையும் தனித்தனியே அமைத்தது இக்குழப்பத்தைப் பெருமளவு நீக்கியது, பாராட்டத்தக்க திருத்தம். எனினும் அவற்றின் அடித்தளம் பழைய வகைப்பாடே.

உணவுமுறைப் பகுப்பிலும் இதே நிலைதான். டைலென்கிடே குடும்பம் நெடுங்காலம் தாவரத்தைச் சார்ந்ததாகவே பட்டியலிடப்பட்டது. அதன் பேரினமாகிய பிலென்கசின் சில சிற்றினங்கள் பூஞ்சையை உண்டு பெருகுவது பின்னர் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. பல மண்களில் மிகுதியாகக் கிடைக்கும் குடும்பம் இது. இதனைத் தாவர உண்ணிகளோடு நிறுத்தினால் ஒரு மதிப்பும், பூஞ்சை உண்ணிகளோடு சேர்த்தால் வேறொரு மதிப்பும் அதே மாதிரியிலிருந்து கிடைக்கும். எப்பட்டியலைப் பின்பற்றினோம் என்பதைக் கூறாத கட்டுரைகளை ஒப்பிடுதல் இயலாது.