மெட்டான்னா யாரு?

அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்து அதில் வாட்ஸ்அப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். திரையின் அடியில் சின்ன எழுத்தில் 'ஃப்ரம் மெட்டா' என்று வந்தது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மெட்டான்னா யாருடா?"

"ஃபேஸ்புக் கம்பெனிதான்மா. பேரை மாத்திக்கிட்டாங்க."

"அப்போ ஃபேஸ்புக்குன்னே போட வேண்டியதுதானே? எங்களுக்கும் புரியும்ல?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றியது. அந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளை விட அம்மாவின் கேள்வி சரியான இடத்தில் குத்தியதாகத் தோன்றியது. அதனால் பழைய குறிப்புகளைத் தூசு தட்டி எடுத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்துவிடுவோம். 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வைத்துத் தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. இன்ஸ்டாகிராம் பதின்வயதுப் பெண்களில் ஒரு பகுதியினரின் மனநிலையைக் கெடுக்கிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே சொன்னது அதில் வெளிவந்தது. அக்டோபர் 3 அன்று, ஆவணங்களைக் கொடுத்த முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் தொலைக்காட்சியில் முகம் காட்டினார். அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. மறுநாளே ஹாகன் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். அக்டோபர் 28 அன்று மார்க் ஜுக்கர்பெர்க் மேடையேறி, இனி நிறுவனத்தின் பெயர் மெட்டா என்று அறிவித்தார்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? வந்தது. நடப்புச் செய்திகளுக்கும் பெயர் மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஜுக்கர்பெர்க் மறுத்தார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. ஹீப்ரு பேசுபவர்கள், அந்த ஒலிக்குத் தங்கள் மொழியில் 'இறந்தவள்' என்று பொருள் என்று சிரித்தார்கள். பெர்லினில் ஒற்றைத் தலைவலிக்காக ஒரு செயலி நடத்துபவர்கள், புது லோகோ எங்களுடையதைப் போலவே இருக்கிறது, எங்கள் பிரைவசி முறைகளையும் பார்த்துக் காப்பியடித்தால் நன்றாக இருக்கும் என்ற தொனியில் கிண்டலடித்தார்கள். புதிய மொந்தையில் பழைய கள் என்பதே பொதுவான தீர்ப்பு.

லோகோவைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது மோசமாகப் படவில்லை. நீல நிறத்தில் ஒரு நாடா தன்னையே சுற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பார்வைக்கு ஆங்கில எம் எழுத்து, இன்னொரு பார்வைக்கு முடிவிலிக் குறி. அசையும்போதும் முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்கும்போதும் வடிவம் குலையாமல் நிற்கும்படி வரைந்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கிறது, முறுக்கு மாதிரி இருக்கிறது என்றெல்லாம் சொல்லலாம். எந்தப் புது லோகோவையும் முதல் வாரம் அப்படித்தான் சொல்வோம். ஆறு மாதத்தில் பழகிவிடும். சந்தேகப்பட்டவர்கள் பலர் தங்கள் சக்தியைச் செலவழித்தது இந்த முறுக்கு விவகாரத்தில்தான். அங்கேதான் விமர்சனம் தடம் மாறியது என்று நினைக்கிறேன்.

நிறுவனம் சொன்ன காரணத்தையும் நியாயமாகக் கேட்போம். எங்களிடம் பல செயலிகள் இருக்கின்றன, ஒரே ஒரு செயலியின் பெயர் மொத்த நிறுவனத்தையும் குறிக்க முடியாது, எதிர்காலத்தில் நாங்கள் மெட்டாவெர்ஸ் கட்டப்போகிறோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்பு, 2019 நவம்பரில், இதே நிறுவனம் இன்னொரு லோகோ மாற்றம் செய்தது. ஃபேஸ்புக் என்ற பெயரைப் பெரிய எழுத்துகளில் புதிதாக வடிவமைத்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் 'ஃப்ரம் ஃபேஸ்புக்' என்று பொறித்தார்கள். அன்று சொன்ன காரணம், தாங்கள் பயன்படுத்தும் பொருளை எந்தக் கம்பெனி தயாரிக்கிறது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது.

நல்ல காரணம். அம்மா கேட்டதும் அதையேதான். 2019-இல் கொடுத்த பதிலை 2021-இல் அவர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 'ஃப்ரம்' என்ற சொல் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த தெரிந்த பெயர் போய், தெரியாத பெயர் வந்துவிட்டது. உரிமையாளர் யார் என்று சொல்ல வைத்த வரியைப் படித்து, யார் என்று ஒருவர் கேட்கிறார் என்றால் அந்த வரி தன் வேலையைச் செய்யவில்லை.

இதைவிட உறுத்துவது அக்டோபர் 4 சம்பவம். மூன்று செயலிகளும் ஒரே நேரத்தில் விழுந்த அன்றுதான் பல பேருக்கு அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றே தெரிந்தது. தெரிந்து இருபத்துநாலு நாளில் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாறிவிட்டது.

இனி என் தொழில் கண்ணோடு பார்க்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிப் பெயரை மாற்றியது. புது ஐடி கார்டு, புது காபி கோப்பை, கேக் எல்லாம் வந்தது. ஆனால் கோடுக்குள் பழைய பெயர் வருடக்கணக்கில் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன், "அண்ணா, எரர் மெசேஜ்ல வர்ற இந்த மூணெழுத்து என்ன?" என்று கேட்பான். அதுதான் நம்ம பழைய பேருப்பா என்று சொல்வோம். மென்பொருளில் வெளியே தெரியும் பெயரை மாற்றுவது ஒரு நாள் வேலை. உள்ளே இருக்கும் பெயரை மாற்றினால் அதை நம்பியிருக்கும் ஆயிரம் விஷயங்கள் உடையும், அதனால் தொட மாட்டோம்.

மெட்டாவிலும் அதே கதை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் பேக்கேஜ் பெயர் என்று ஒன்று உண்டு. பிளே ஸ்டோரில் ஒருமுறை வெளியிட்டபின் அதை மாற்ற முடியாது. ஃபேஸ்புக் செயலிக்கு அது காம்.ஃபேஸ்புக்.கட்டானா, மெசஞ்சருக்கு காம்.ஃபேஸ்புக்.ஓர்க்கா. இணையதளம் வைத்திருப்பவர்கள் சர்வர் லாகைத் திறந்து பாருங்கள். ஃபேஸ்புக்கில் யாராவது உங்கள் சுட்டியைப் பகிர்ந்தால் வந்து எட்டிப்பார்க்கும் பாட்டின் பெயர் ஃபேஸ்புக்எக்ஸ்டர்னல்ஹிட். ஏஐ மாடல்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பக்கங்களை அள்ளும் புது பாட்டின் பெயர் மெட்டா-எக்ஸ்டர்னல்ஏஜென்ட். அந்தப் புது பாட், தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள என்று கொடுக்கும் முகவரி டெவலப்பர்ஸ்.ஃபேஸ்புக்.காம்!

இதில் தப்பு எதுவும் இல்லை. எந்த இன்ஜினியரும் இப்படித்தான் செய்வான். பெயர் எந்த அடுக்கு வரைக்கும் மாறியது என்று தேடிப் பார்க்கலாம் என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன். லோகோ மேல் அடுக்கு, பேக்கேஜ் பெயர் நடு அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பணம். அங்கே என்ன மாறியது?

"சும்மா பெயின்ட் அடிக்கிறார்கள்" என்று சொன்னவர்கள் இந்த இடத்தில் தோற்றார்கள். மெட்டாவெர்ஸுக்கான ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2021-இல் சுமார் 1,020 கோடி டாலர் செயல்பாட்டு நஷ்டம் காட்டியது. 2022-இல் சுமார் 1,370 கோடி, 2023-இல் சுமார் 1,610 கோடி. பெயின்டுக்கு யாரும் இவ்வளவு செலவழிக்க மாட்டார்கள். 2022 பிப்ரவரி 3 அன்று ஒரே நாளில் பங்கு விலை 26 சதவீதம் விழுந்து, 23,000 கோடி டாலருக்கு மேல் சந்தை மதிப்பு கரைந்தது. அந்த நவம்பரில் 11,000 பேருக்கு மேல் வேலை போனது. ஜுக்கர்பெர்க் அந்தக் கனவை உண்மையாகவே நம்பினார் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதே அறிக்கைகளில் வருமானப் பக்கத்தையும் பாருங்கள். 2021-இல் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 97-க்கு மேல் விளம்பரத்தில் வந்தது. 2023-இலும் நூற்றுக்கு 97-க்கு மேல் விளம்பரம்தான். செலவு செய்யும் கை புதிது, சம்பாதிக்கும் கை பழையது. ஹாகன் சொன்ன குற்றச்சாட்டுகள் எல்லாம் அந்தச் சம்பாதிக்கும் கையைப் பற்றியவை. நம்மை எவ்வளவு நேரம் திரையில் உட்கார வைக்கிறார்கள், அதற்காக எதைக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றியவை. புதுப் பெயர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதே பலர் மார்ல்பரோ சிகரெட் கதையை நினைவூட்டினார்கள். பிலிப் மோரிஸ் நிறுவனங்களின் தாய் கம்பெனி 2003-இல் ஆல்ட்ரியா ஆனது. சிகரெட் தொழில் அதன் கீழே பழைய பெயரிலேயே தொடர்ந்தது. இங்கேயும் ஃபேஸ்புக் என்ற பெயர் சாகவில்லை. ஒரு மாடி கீழே இறங்கி வெறும் செயலியின் பெயராக நின்றுவிட்டது. கெட்ட பெயர் கீழ் மாடியில் தங்கிவிட, மேல் மாடி வெள்ளையடித்துப் புதிதாக இருக்கிறது. சிகரெட்டையும் செயலியையும் நான் சமமாக வைக்கவில்லை. பெயரை இறக்கிவைக்கும் அந்த உத்தி மட்டும் ஒன்றுதான்.

எனக்கு இது ஏன் முக்கியம்? ஓய்வு நேரத்தில் குறிப்பெடுத்துச் சேர்க்கும் ஆள் நான். பிரைவசி மீறலுக்காக 2019 ஜூலையில் அமெரிக்க வர்த்தக ஆணையம் விதித்த 500 கோடி டாலர் அபராதம் என் அட்டவணையில் ஃபேஸ்புக் பெயரில் இருக்கிறது. ஐரோப்பியர்களின் தகவல்களை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக 2023 மே மாதம் அயர்லாந்து ஆணையம் விதித்த 120 கோடி யூரோ மெட்டா பெயரில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் கட்ட வேண்டிய கணக்கு என்று எனக்குத் தெரியும். இன்னும் பத்து வருடம் கழித்து ஒரு கல்லூரி மாணவி தேடும்போது தெரியுமா? தேடுபொறியில் மெட்டா என்று போட்டால் 2021-க்கு முந்தைய வாழ்க்கை மங்கலாகத்தான் தெரியும். சட்டப்படி ஒரு பொறுப்பும் மறையவில்லை, வழக்குகள் தொடர்கின்றன. மங்குவது நம் ஞாபகம்.

அதனால் என் அட்டவணையில் 'பழைய பெயர்' என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். நம் பத்திரிகைகளும் 'ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா' என்று எழுதும் பழக்கத்தை, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று கைவிடாமல் இருந்தால் நல்லது. எல்லாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலேயே தெரியவில்லை.

கடைசியாக ஒரு பலகை. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஃபேஸ்புக் 2011-இல் குடியேறிய வளாகம், அதற்கு முன் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இருந்த இடம். ஜாவாவை உருவாக்கிய கம்பெனி, ஆரக்கிளுக்கு விற்கப்பட்டுக் காணாமல் போனது. வாசல் பலகையின் முன்பக்கத்தில் ஃபேஸ்புக் தன் லைக் கைவிரலைப் போட்டது. பின்பக்கத்தில் சன் பெயரை அழிக்காமல் அப்படியே விட்டது. அலட்சியமாக இருந்தால் நமக்கும் இதே கதிதான் என்று ஊழியர்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் அப்படி. 2021-இல் முன்பக்கத்தில் மெட்டா வந்தது.

பழைய பெயர் கண்ணில் படுவது மனிதர்களை ஒழுங்காக வைத்திருக்கும் என்று அந்த நிறுவனத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதை அடுத்தவன் பெயரில் செய்தார்கள். தங்கள் பெயர் விஷயத்தில் நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அம்மாவின் போனில் வாட்ஸ்அப் ஓடுகிறது. "அந்த ஃபேஸ்புக்காரன் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருக்கேன், பார்த்தியா?" என்கிறார். நான் திருத்தவில்லை.