ஒளிக்குள் நின்ற சிறுபொழுது

2023இல் சிங்கப்பூரில் தங்கச்சி வீட்டில் சில நாட்கள் நின்றேன். அவளுடைய எட்டு வயது மகன்தான் மரீனா பே ஓரமுள்ள ஆர்ட்சயன்ஸ் மியூசியத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். மோஷே சஃப்டி வடிவமைத்த, தாமரை விரிந்தாற்போன்ற அந்தக் கட்டடம் 2011இல் திறக்கப்பட்டது. உள்ளே, 2016இல் தொடங்கிய ‘ஃபியூச்சர் வேர்ல்ட்’ கண்காட்சி. ஆக்கியோர் டீம்லாப், ஓவியர்களும் பொறியியலாளர்களும் கணினி நிரலாளர்களும் சேர்ந்து 2001இல் டோக்கியோவில் தொடங்கிய குழு.

அதில் ‘கிறிஸ்டல் யுனிவர்ஸ்’ ஓர் இருட்டறை. மேலிருந்து தொங்கும் சரங்களில் 170,000க்கும் மேற்பட்ட எல்.ஈ.டி. விளக்குகள். சுற்றிவரக் கண்ணாடி. ஒளி மழையாகப் பொழிகிறது, சுழல்கிறது, சிதறுகிறது. முதல் சில கணங்கள் நானும் வாயடைத்துத்தான் நின்றேன். அதை மறுப்பதற்கில்லை.

புள்ளியோவிய மரபின் நீட்சியாகவே டீம்லாப் இதைச் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோர்ஜ் சூரா வண்ணப் புள்ளிகளை அருகருகே வைத்தார். அவற்றைக் கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு விட்டார். அதற்கு நாம் சற்றே பின்வாங்கி நிற்க வேண்டும். இங்கோ பின்வாங்க இடமில்லை. எங்கே திரும்பினாலும் கண்ணாடியில் நம் முகமே. எல்லோரும் தம்மையே படமெடுத்துக்கொண்டிருந்ததில் ஆச்சரியமில்லை. ஒளி அங்கே நம்மிடம் எதையும் கேட்கவில்லை. இந்தப் படைப்பின் பெருங்குறை அதுவே என்பது என் எண்ணம்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையில் கொடியேறினால் பன்னிரண்டு நாட்கள் ஒளிவெள்ளம்தான். (அதை ஏற்போரும் மறுப்போரும் நம்மூரில் உண்டு, அந்த வழக்கு இங்கே வேண்டாம்.) சின்ன வயதில் அந்தக் கலர் பல்புகளை நாங்கள் நின்று பார்த்ததேயில்லை. அவற்றின் வெளிச்சத்தில் மிட்டாய்க் கடையைப் பார்த்தோம், மனிதரைப் பார்த்தோம்.

புள்ளிகளின் வெளி ஒன்றை அதற்குப் பிறகும் கண்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26 இரவு. மின்சாரமில்லை. சாய்ந்தமருது கரைப்பக்கம் டோர்ச்சும் லாம்பும் அங்குமிங்கும் அசைந்தன. ஒவ்வொரு புள்ளியின் பின்னாலும் யாரையோ தேடுகிற ஒருவர். அந்த இரவைச் சுமந்துகொண்டு இந்த அறைக்குள் போனது என் தவறாகவும் இருக்கலாம்.

‘ஸ்கெட்ச் அக்வாரியம்’ எனக்கு இதைவிடப் பிடித்தது. பிள்ளைகள் நிறந்தீட்டும் மீன்கள் சுவர்க் கடலில் நீந்துகின்றன, தொட்டால் ஓடுகின்றன. ஆனால் உருவக்கோடு முன்பே அச்சிட்டுத் தரப்படுகிறது. மருமகன் தோணியொன்று கீறக் கேட்டான். அதற்குத் தாள் இல்லை. கடைசியில் ஆமைக்கு ஊதா பூசினான். அது சுவரில் ஏறியதும் அவன் துள்ளிய துள்ளல்!

வெளியேறுமுன் மீண்டும் அந்த இருட்டறையில் நின்றோம்.

“மாமா, இதெல்லாத்தையும் நூத்தா எப்பிடி இருக்கும்?”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. நடக்கச் சொன்னார்கள்.