அந்தப் பொண்ணு யாரு?

அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய அப்பத்தா கேட்டார்: "இது யாருடா பொண்ணு?" கேலி இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. அக்கா நல்ல கருப்பு. ஆல்பத்தில் இருந்தவள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள். அதில் பாதி மேக்கப் என்றால், மீதி லைட்டிங்.

நம் மண்டபங்களின் ஒளியமைப்பை ஒரு கலையாக எடுத்துக்கொண்டு பார்த்தால், அது முகத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. காசெல்லாம் பின்சுவருக்கு: ஊதா, ரோஸ் பார் லைட்டுகள், பூ வளைவுக்குக் கீழிருந்து அடிக்கும் ஒளி. மணமக்களுக்கு மிஞ்சுவது நேர் எதிரே நிற்கும் இரண்டு வெள்ளை எல்இடி. நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மூக்கு ஏது, கன்ன எலும்பு ஏது? கருப்புத் தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. பக்கவாட்டில் அகலமான, மென்மையான ஒளி வைத்தால் அது தானாக எழுந்து வரும். நாமோ பவுடர் போட்டு அதை முதலில் கொன்றுவிடுகிறோம். குத்துவிளக்குச் சுடரின் நிறம் ஏறக்குறைய 1900 கெல்வின், எதிரே நிற்கும் லைட் 5600. அந்த வெள்ளத்தில் ஓமத் தீகூட செட் பிராப்பர்ட்டி போலத்தான் தெரிகிறது.

1956இல் வந்த 'அபராஜிதோ'வுக்காக காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். திறந்த வானத்திலிருந்து முற்றத்தில் இறங்கும் வெளிச்சம் அப்படியே கிடைத்தது. நம்மூர்க் கல்யாணப் பந்தலிலும் ஓலைக்குக் கீழே வெள்ளை வேட்டி கட்டுவார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்தவர்களின் முகமும் அப்படித்தான் மிருதுவாகத் தெரிந்திருக்கும். (அந்த வெள்ளையைக் கட்டுவது பல ஊர்களில் சலவைத் தொழில் செய்யும் சாதியின் தலையில் சுமத்தப்பட்ட வேலை. அதனால் பழசைக் கொஞ்ச எனக்கு மனசில்லை. துணி செய்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

அடுத்த மாதம் தம்பி கல்யாணம். லைட்காரரிடம் எதிர் லைட்டை எடுத்துவிட்டு, பக்கத்தில் துணி கட்டி அதன் வழியாக அடிக்கச் சொன்னேன்.

"சார், பொண்ணு கருப்பா தெரியுமே?"

"கருப்புதாங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப பொண்ணு வீட்ல கேட்டா நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அட்வான்ஸை வாங்கினார்.