42 சதவீதம்: ஏறும் கோடும் அது காட்டாததும்

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தொழிலாளர்களில் சுமார் 42 சதவீதம் பேர் காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள். 2023-24க்கான ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, அதாவது ஏ.எஸ்.ஐ., சொல்லும் கணக்கு இது. 2011-12இல் சுமார் 35 சதவீதம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவர்தான். கோடு ஏறிக்கிட்டே போகுது. "நிரந்தர வேலை ஒழிஞ்சு, தற்காலிக வேலை பெருகுது" என்பதற்கு எல்லாரும் காட்டும் ஆதாரம் இதுதான்.

ஏ.எஸ்.ஐ. நல்ல கணக்கெடுப்பு. பல வருஷமா ஒரே மாதிரி கேள்வி கேட்பதால் பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட முடியுது. காண்ட்ராக்ட் பெருகியதும் உண்மைதான். என் விமர்சனம், அந்த எண் எதை அளக்குது என்பதைப் பற்றியது.

ஏ.எஸ்.ஐ. படிவத்தில் தொழிலாளர்களுக்கு ரெண்டு பெட்டி: நேரடியாக அமர்த்தப்பட்டவர்கள், காண்ட்ராக்டர் மூலம் அமர்த்தப்பட்டவர்கள். தொழிற்சாலையே தன் பதிவேட்டைப் பார்த்து நிரப்புது. அதாவது, இது 'யார் மூலமா வந்தீங்க' என்ற கேள்வி. 'எவ்வளவு நாள் இருப்பீங்க' என்ற கேள்வி இல்லை. கோட் எழுதுறவங்க பாஷையில் சொன்னால், ஒரு காலத்தின் பெயர் ஒன்று, அதை நாம் படிக்கும் அர்த்தம் வேறொன்று.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஒரே ஆலையில் ரெண்டு பேர். முதல் ஆள் ஒன்பது வருஷமா அதே வெல்டிங் லைனில் நிற்கிறார். நடுவில் மேன்பவர் ஏஜென்சி மூணு தடவை மாறிடுச்சு. வேலையும் சூப்பர்வைசரும் மாறலை. ரெண்டாவது ஆள் கம்பெனி லெட்டர்ஹெட்டிலேயே ஆர்டர் வாங்கினவர். ஆனால் ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வேலையும் முடிஞ்சது. ஏ.எஸ்.ஐ.யில் முதல் ஆள் காண்ட்ராக்ட், ரெண்டாவது ஆள் நேரடி. இதில் யார் தற்காலிகம்?

இந்த ரெண்டாவது ஆள் கற்பனை இல்லை. குறித்த கால வேலை, அதாவது ஃபிக்ஸட் டேர்ம், 2016இல் ஆயத்த ஆடைத் துறைக்கு மத்திய அரசு விதிகளில் நுழைஞ்சது. 2018இல் எல்லாத் துறைகளுக்கும் விரிஞ்சது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை இன்னும் கெட்டியாக்கியிருக்கு. குறித்த கால ஊழியருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. கூடவே, நிறுவனத்தின் மையமான வேலைகளில் காண்ட்ராக்ட் தொழிலாளர் கூடாது என்ற விதியும் இருக்கு, விலக்குகளோடு.

நிறுவனங்கள் இனி என்ன செய்யும்? ஒரு பகுதி ஆட்களையாவது காண்ட்ராக்டர் கணக்கிலிருந்து எடுத்து, குறித்த கால ஆர்டர் கொடுத்து நேரடிக் கணக்கில் போட வாய்ப்பிருக்கு. கிராஜுவிட்டி கிடைத்தால் அது நல்லதுதான். ஆனால் அப்போ 42 என்பது 35 ஆகலாம். "காண்ட்ராக்ட் முறை குறையுது" என்று செய்தி வரும். வேலை எத்தனை மாசம் நிலைக்கும் என்பது மாறாமலே கோடு இறங்கியிருக்கும். எனக்கு இருக்கும் கவலை இதுதான்.

வீடு வீடாகப் போய்க் கேட்கும் பி.எல்.எஃப்.எஸ். கணக்கெடுப்பில் கதை இன்னும் விசித்திரம். அங்கே மூணு பெரிய வகை: சுயதொழில், மாதச் சம்பளம், தினக்கூலி. நம்ம வெல்டிங்காரருக்கு மாசாமாசம் சம்பளம் வருது. அதனால் அவர் மாதச் சம்பளக்காரர். ஆக, அவர் ஒருத்தரே ஏ.எஸ்.ஐ.யில் கவலைக்குரிய கோட்டையும், பி.எல்.எஃப்.எஸ்.இல் சந்தோஷமான கோட்டையும் சேர்த்து ஏத்துறார். ரெண்டு தரப்பும் அவரைக் காட்டியே விவாதம் பண்ணலாம்.

ஆனால் பி.எல்.எஃப்.எஸ். கூடுதலா ஒரு நல்ல கேள்வி கேட்குது: எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்கா, இருந்தால் எத்தனை காலத்துக்கு? 2017-18 அறிக்கைப்படி, விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளக்காரர்களில் 71.1 சதவீதம் பேருக்கு எழுத்தில் எதுவுமே இல்லை. 54.2 சதவீதம் பேருக்குச் சம்பளத்தோடு விடுப்பு இல்லை. என் பார்வையில் 42ஐ விட இந்த எண்கள்தான் அதிகம் பேசுது. தலைப்புச் செய்தியில் இதைத் தேடித்தான் பிடிக்கணும்.

இன்னொரு விஷயம் எல்லை. ஏ.எஸ்.ஐ. பதிவு பெற்ற தொழிற்சாலைகளுக்கானது. பேங்க் வாசல் செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி வார்டு துப்புரவுப் பணியாளர், எங்க ஐ.டி. துறையில் அடையாள அட்டை நாடா மட்டும் வேற கலரில் இருக்கும் வெண்டர் ஊழியர், இவங்க யாரும் இந்த 42இல் இல்லை. தொழிற்சாலைக்குள்ளும் ஒரு இருட்டு உண்டு: வெளியாகும் அட்டவணைகள் நேரடித் தொழிலாளர்களை ஆண், பெண் என்று பிரிக்குது, காண்ட்ராக்ட் வரிசையில் மொத்த எண் மட்டும்தான்.

சரி, என்ன கேட்கணும்? பதில் நம்ம ஊர் சட்டத்திலேயே இருக்கு. தமிழ்நாட்டில் 1981இல் வந்த தொழிலாளர் நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கணும்னு சொல்லுது. அது யாருக்கெல்லாம் பொருந்தும் என்பது கோர்ட்டில் நீளும் விஷயம். எனக்கு இங்கே முக்கியம் அதன் அளவுகோல்: அது நாளை எண்ணுது. ஏ.எஸ்.ஐ.யும் மனித நாட்களை வாங்குது, ஆனால் கூட்டுத்தொகையாக. ஆயிரம் மனித நாள் என்றால் அது நாலு பேர் 250 நாளா, இருபது பேர் 50 நாளா என்று அதிலிருந்து தெரியாது. 'இந்த வளாகத்தில் 480 நாளுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர்?' என்று ரெண்டு பெட்டிக்கும் ஒரு காலம் சேர்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இது பேராசை இல்லை. 2018இல் சர்வதேச தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு ஏற்ற வகைப்பாடு நிரந்தர ஊழியர், குறித்த கால ஊழியர், குறுகிய கால ஊழியர், சம்பளம் பெறும் பயிற்சியாளர் என்று தனித்தனியா பிரிக்குது.

அதுவரைக்கும், அடுத்த அறிக்கையில் சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. பெட்டி மாறியதா, இல்ல வேலை மாறியதா? நேரடிப் பெட்டிக்குள் குறித்த கால ஆட்கள் எத்தனை பேர்? பதில் இல்லாத வரை, அந்தக் கோட்டை வைத்து வெற்றியோ தோல்வியோ அறிவிக்க நான் தயாரில்லை.