மெய்யும் போலியும்

மேல்விஷாரத்து உறவினர் ஒருவர், கனடாவிலிருக்கும் மகனின் விண்ணப்ப நகலை நீட்டி, 'நீங்க எழுதறவரு, பாத்துச் சொல்லுங்க' என்றார். விசாக் கெடு தாண்டித் தங்கிவிட்டவன். அந்நாட்டுக் குடியுரிமை உள்ள மனைவி அவனுக்குப் பொறுப்பேற்கிறாள். கெடு தாண்டியதை மட்டும் 2005ஆம் ஆண்டுக் கொள்கை தடையாகக் கொள்வதில்லை. ஆனால் திருமணம் மெய்யானதென்று அதிகாரி நம்ப வேண்டும்.

எப்படிச் சந்தித்தீர்கள் என்ற கேள்விக்குப் பையன் மழை, பூங்கா என்று சினிமாக் காதல் எழுதியிருந்தான். நடந்ததோ பெரியவர்கள் பேசி முடித்த நிக்காஹ். ஒரு வரி. அதை மட்டும் எழுதச் சொன்னேன்.

எத்தனையோ கதைகளைப் போலி என்று ஒதுக்கியிருக்கிறேன். அதனால் எவரும் நாடுகடத்தப்பட்டதில்லை. இப்போது என் ரசனைக்கு ஒரு குடும்பம் ஈடு நிற்கிறது. பொய்யை வெட்ட நமக்குத் தெரிகிறது. வெறும் உண்மையை நம்பவைக்க நம் உரைநடைக்கு இன்னும் தெரியவில்லை.