பழைய மோட்டாரின் அசல் வர்ணம்

1961-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜாகுவார் கம்பெனியார் தங்கள் ஈ-டைப் வண்டியை ஜெனீவாவில் முதன்முதலாக உலகுக்குக் காட்டியபோது, மூடிய கூரையுள்ள வண்டி மினுமினுப்போடிய கருஞ்சாம்பல் நிறத்திலும், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து நார்மன் டூயிஸ் என்பவர் இரவெல்லாம் ஓட்டிவந்து சேர்த்த திறந்த வண்டி அடர்ந்த பச்சையிலும் விளங்கின. அந்த வம்சத்து வண்டிகளைப் புதுப்பித்துப் போற்றுவோர் இன்று பல தேசங்களில் இருக்கிறார்கள். அவற்றைக் காணச் செல்லும் ஜனங்களோ பெரும்பாலும் பளபளப்பை மெச்சிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பளபளப்பு, பொறுமையாகத் தேய்த்தால் எந்த வண்டிக்கும் வந்துவிடும். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் அணிந்திருந்த அதே வர்ணத்தை மீட்பதுதான் அரிய வித்தை. ரசிக்க வேண்டியதும் அதுவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜாகுவார் வண்டிகளின் சரித்திரத்தைப் பாதுகாக்கும் அறக்கட்டளையொன்று, பழைய பேரேடுகளைப் பார்த்து, இன்ன வண்டி இன்ன நிறத்தில் புறப்பட்டது என்று அத்தாட்சிப் பத்திரம் வழங்குகிறது. ஆனால் பத்திரத்தில் கிடைப்பது நிறத்தின் பெயர்தான். 1903-இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் பந்தயத்தில் பிரிட்டிஷ் வண்டிகள் பச்சை பூண்டு ஓடியதிலிருந்து வளர்ந்த ‘பிரிட்டிஷ் ரேஸிங் கிரீன்’ கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் வேறுபட்டே வந்திருக்கிறது. ஆகவே புதுப்பிப்பவர் தமக்கு வேண்டிய சாட்சியை வண்டியின் உடம்பிலேயே தேட வேண்டியவராகிறார்.

வெயிலும் மழையும் எட்டாத இடங்களிலே, அதாவது கதவின் உள்அட்டைக்குப் பின்னாலும், டிக்கியின் விரிப்புக்கு அடியிலும், ரப்பர் பட்டைகளின் கீழும் அந்தச் சாட்சி ஒளிந்திருக்கும். பல பூச்சுகள் ஏறிய வண்டியானால், நனைத்த வாட்டர் பேப்பரால் ஓரிடத்தை வட்டமாக மெள்ளத் தேய்க்கையில், நடுவே தகட்டின் வெண்மையும், அதைச் சூழப் பிரைமரும், அதற்கு வெளியே ஆதி வர்ணமும், அதன்பின் வந்த உரிமையாளர்களின் விருப்பங்களும் வளையம் வளையமாக விரிவதைக் காணலாம். பிரைமரை ஒட்டிய வளையமே அசல். முன்னொரு காலத்தில் யாரேனும் தகடு வரை சுரண்டிப் பூசியிருந்தால் இந்தச் சாட்சியும் பொய்த்துவிடும். ஆதலால் பல இடங்களில் தேய்த்து ஒப்பிட்டவரின் வேலைக்கே மதிப்பு அதிகம். அந்த வட்டத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறாரா என்று உரியவரைக் கேளுங்கள். கேட்டால் மகிழ்ந்து காட்டுவார்.

கிடைத்த வர்ணத்தையும் அப்படியே நம்பிவிடலாகாது. 1920-களில் மோட்டார் உலகில் புகுந்து, பூச்சு உலரும் காலத்தை வாரக்கணக்கிலிருந்து மணிக்கணக்காகக் குறைத்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட், முதுமையில் மஞ்சள் தட்டும் சுபாவமுடையது. வெள்ளை பாலேட்டின் நிறம் கொள்ளும், நீலத்தில் பசுமை கலக்கும். நிறத்தை அளக்கும் கருவி இன்றிருப்பதை அளக்குமேயன்றி அன்றிருந்ததை அறியாது. அந்த மஞ்சளை மனத்தால் கழித்துப் பார்க்கும் கண்ணே இவ்வித்தையின் ஜீவன்.

இனிப் பார்க்கும் முறை. காலை வெயிலில் ஒருமுறையும், மேகம் மூடியபோது ஒருமுறையும், விளக்கொளியில் ஒருமுறையும் பாருங்கள். பழைய ஈயச் சாயங்கள் வழக்கொழிந்து வேறு சாயங்கள் வந்துவிட்டபடியால், வெயிலில் ஒன்றேபோல் தோன்றும் பழைய பூச்சும் புதிய பூச்சும் விளக்கடியில் பிரிந்து நிற்கக்கூடும்.

எல்லாவற்றிலும் கடினமானது அந்த ஜெனீவாச் சாம்பலைப் போன்ற, அலுமினியத் துகள் கலந்த வர்ணம். நேரே நின்றால் ஒளிர்வதும் பக்கவாட்டில் நோக்கினால் இருள்வதும் அதன் லட்சணம். துகள் பருத்துவிட்டாலோ, பிற்காலத்தில் பரவிய கண்ணாடிபோன்ற மேற்பூச்சைத் தடிப்பாக ஏற்றிவிட்டாலோ, அந்த மென்மை போய் ஒரு புதுப்பணக்கார மினுக்கு வந்துவிடுகிறது. எத்தனை பரிசு பெற்றிருந்தாலும் அத்தகைய வண்டியை என்னால் மெச்ச முடிவதில்லை. மேலும், ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பெயின்டையே ஸ்ப்ரே கன்னால் ஈரமாக அடித்தால் நிறம் கறுக்கும். உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஈ-டைப்பின் நீண்ட பானெட், முன்சக்கரங்களின் மேல்வளைவையும் சேர்த்து ஒரே உறுப்பாகத் திறப்பது, கதவோ தனி. இரண்டும் சந்திக்கும் கோட்டருகே குனிந்து, வெயில் சாயும் வேளையில், முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் பாருங்கள். இரு பக்கமும் ஒன்றாகவே ஒளிர்ந்து ஒன்றாகவே இருளுமானால், அதைப் பூசியவர் யாரென்று விசாரித்து, அவர் அங்கே இருந்தால் அவரிடமே போய்ப் பாராட்டிவிட்டு வாருங்கள்.